மூளைச்சாவு என்று மருத்துவர் சொன்னால்...

"ஹஜ்ரத், டாக்டர் மூளைச்சாவுன்னு சொல்றாரு. ஆனா தம்பிக்கு நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு. மவுத்தா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

ஆலிம்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் நள்ளிரவில்தான் வருகிறது. ஈ.சி.ஆரிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் விபத்துகளுக்குக் குறைவில்லை. தலையில் அடிபட்டவர்களைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஐ.சி.யூ. வாசலில் நின்று நம்மை அழைக்கிறார்கள். மார்க்கத்தைச் சொல்வதற்கு முன், உள்ளே இருக்கும் மருத்துவர் எதைச் சொல்கிறார், எந்த நெருக்கடியில் நின்று சொல்கிறார் என்பதை நாம் விளங்கியிருக்க வேண்டும்.

இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளுக்கும் கொண்டுசேர்த்த சம்பவம் நம் பகுதியில்தான் தொடங்கியது. மாமல்லபுரத்துக்கு மேற்கே உள்ள திருக்கழுக்குன்றத்தில் மருத்துவர்களாகப் பணியாற்றிய அசோகன், புஷ்பாஞ்சலி தம்பதியின் மகன் ஹிதேந்திரன். வயது 15. 2008 செப்டம்பரில் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, சென்னையில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவனது உறுப்புகளைத் தானம் செய்தனர். போக்குவரத்துக் காவலர்கள் வழியைத் திறந்துவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவனது இதயம் 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்ததாக அன்றைய செய்திகள் கூறின. அது ஒரு ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. பின்னாளில் திரைப்படமாகவும் வந்ததால் பலருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்தப் பெற்றோர் இருவருமே மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் குடும்பங்களுக்கோ அந்த விளக்கம் மிக மோசமான ஒரு மணி நேரத்தில், நடைபாதையில் நின்றபடி, முதன்முறையாகக் கிடைக்கிறது.

மூச்சுவிடும்படி உடம்புக்குக் கட்டளையிடுவது மூளைத்தண்டு. அடிபட்ட மூளை வீங்கும்போது மண்டை ஓட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மூளைக்குள் ரத்தமே ஏற முடியாமல் போய், மூளைத்தண்டும் செத்துவிடுகிறது. இதயம் அப்படியல்ல. துடிப்பதற்கான தூண்டுதலை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்வரை ஆக்சிஜன் கிடைக்கிறது, ஆக்சிஜன் கிடைக்கும்வரை சில நாட்கள் அது துடிக்கும். நாம் பார்க்கும் நெஞ்சின் ஏற்ற இறக்கம் இயந்திரத்துடையது. சில நேரம் விரலோ காலோ அசைவதும் உண்டு. அது முதுகுத்தண்டின் அனிச்சை அசைவு. "கையை அசைச்சான், நான் பார்த்தேன்" என்று சொல்லும் தாய் பொய் சொல்லவில்லை.

கோமா வேறு. கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு உயிரோடு இருக்கிறது, மீள வாய்ப்பும் இருக்கலாம். "பத்து வருஷம் கோமாவுல இருந்து எழுந்தாராமே" என்று உறவினர் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் கேள்விப்பட்டது மூளைச்சாவு அடைந்தவரைப் பற்றியல்ல.

அப்படியானால் மருத்துவர் தவறாகச் சொல்ல வாய்ப்பில்லையா? அதைத் தடுக்கத்தான் சட்டம் ஒருவர் சொல்லை மட்டும் ஏற்பதில்லை. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பாளர், அங்கீகரிக்கப்பட்ட தனி வல்லுநர் ஒருவர், நரம்பியல் வல்லுநர், சிகிச்சை அளிக்கும் மருத்துவர். உறுப்பு மாற்று அறுவை செய்பவர் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. மயக்க மருந்தின் தாக்கமோ உடல் குளிர்ந்துபோனதோ காரணமல்ல என்று முதலில் உறுதிசெய்கிறார்கள். பிறகு கண்மணியில் வெளிச்சம் அடித்தும், காதுக்குள் குளிர்ந்த நீர் செலுத்தியும், தொண்டையைத் தூண்டியும் பார்க்கிறார்கள். கடைசியாக மூச்சுச் சோதனை. வென்டிலேட்டரைப் பிரித்து, ஆக்சிஜனை மட்டும் குழாய் வழியே விட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதைக் கவனிப்பார்கள். மூளைத்தண்டில் உயிர் இருந்தால் அந்த நிலையில் அது மூச்சை இழுக்க வைத்தே தீரும். ஒரு மூச்சும் வராவிட்டால், குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடியும் செய்கிறார்கள்.

இனி மருத்துவரின் சிக்கலுக்கு வருவோம். இந்தியாவில் மூளைச்சாவுக்கான சட்ட விளக்கம் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே குடும்பம் தானத்துக்கு மறுத்துவிட்டால், இயந்திரத்தை நிறுத்தலாமா என்பதில் மருத்துவர்களே தயங்குகிறார்கள். தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைச்சாவு மரணமே என்று கேரள அரசு 2020இல் தனி வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது இதனால்தான். மறுபுறம், 2011 திருத்தத்தின்படி தானம் பற்றிக் குடும்பத்திடம் கேட்பதும் மருத்துவரின் சட்டக் கடமை. கேட்டால் "இதுக்குத்தான் சாவுன்னு சொன்னீங்களா?" என்று சட்டையைப் பிடிக்கிறார்கள். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தியதை நாம் மறந்திருக்க மாட்டோம். இந்த அச்சத்தில், பளிச்சென்று சொல்ல வேண்டியதைச் சிலர் "சீரியஸா இருக்கு, பார்ப்போம்" என்று மழுப்பி நாட்களைக் கடத்துகிறார்கள். அந்த நாட்களில் குடும்பத்தின் நகைகள் அடகுக்குப் போகின்றன.

மக்களின் சந்தேகமும் காற்றிலிருந்து வந்ததல்ல. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று அழைத்த காலம் உண்டு. ஆனால் அது உயிரோடு இருக்கும் ஏழைகளிடம் சிறுநீரகம் வாங்கிய வியாபாரம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு யாருக்குப் போகிறது என்பதை, மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியல் தீர்மானிக்கிறது.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். பாதங்கள் தளர்வது, நெற்றிப்பொட்டு குழிவது போன்ற மவுத்தின் அடையாளங்களை நம் ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. சந்தேகம் இருந்தால் உறுதியாகும்வரை தாமதிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. வென்டிலேட்டர் அந்த இமாம்களின் காலத்தில் இல்லை. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் இயக்கங்கள் அனைத்தும் மீள முடியாதபடி நின்றுவிட்டதாக வல்லுநர்கள் முடிவு செய்தால் அதுவும் மரணமே என்றும், இயந்திரத்தை அகற்றலாம் என்றும் தீர்மானித்தது. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் மன்றம் இயந்திரத்தை அகற்ற அனுமதித்தது. ஆனால் மவுத்தின் சட்டங்கள் இதயமும் மூச்சும் முழுமையாக நின்ற பிறகே தொடங்கும் என்றது. மனைவியின் இத்தாவும் வாரிசுரிமையும் எந்த நேரத்திலிருந்து என்ற கேள்வி இதில்தான் இருக்கிறது. கருத்து வேறுபாடு உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூளைச்சாவு உறுதியான பின் இயந்திரத்தை நிறுத்துவது கொலையல்ல என்பதில் இரண்டு மன்றங்களும் ஒன்றுபடுகின்றன.

உறுப்பு தானம் இதிலிருந்து தனியான இன்னொரு மஸ்அலா. 1988இல் ஜித்தாவில் அதே அகாடமி நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. தேவ்பந்தின் ஃபத்வாக்கள் அனுமதிப்பதில்லை. ஒரு சாரார் சூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனத்தையும், மறுசாரார் மய்யித்தின் எலும்பை முறிப்பது பற்றிய நபிமொழியையும் ஆதாரமாக வைக்கிறார்கள். எதைப் பின்பற்றுவது என்பதைக் குடும்பம் தான் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யட்டும். எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் யாரும் எதையும் எடுக்க முடியாது. "வேண்டாம்" என்றால் அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாம் கண்டவரை, தானம் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் முதல் செய்தியையே காதில் வாங்க மறுக்கிறார்கள். தானத்துக்கு மறுப்பவரும் மவுத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

எனவே ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சிலதான். இது கோமாவா, மூளைச்சாவா? மூச்சுச் சோதனை இரண்டு முறையும் முடிந்ததா, எத்தனை மணிக்கு? நான்கு மருத்துவர்களும் கையெழுத்திட்டார்களா? வீட்டில் நிதானமான ஒருவர் மட்டும் உள்ளே போய்க் கேட்டு, எழுதிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நம்மை அழைக்கும்போது அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னால் எங்கள் வேலை எளிது. முடிந்தால் தொலைபேசியை மருத்துவரிடமே கொடுங்கள், ஆலிம் அவரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்வார்.

இன்னொன்று. விபத்து வழக்கு என்றால் பிரேதப் பரிசோதனை உண்டு. அதனால் அடக்கம் மறுநாளுக்குத் தள்ளிப்போகும் என்று பலர் பொறுமையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். 2021 நவம்பரிலேயே, வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது, சாலை விபத்துக்குப் பொருந்தும். காவல் நிலையத் தாள்களைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, மருத்துவமனையில் இதைப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.