மலைப் பிரயாணமும் காப்புறுதியும்

கோடைக்கானல் செல்வோர் பலர், இணையவழி இரயில் சீட்டு வாங்குங்கால் சில பைசா சேர்த்துச் செலுத்திக் காப்புறுதியும் பெறுகின்றனர். இரயில் விபத்தில் மரணம் நேரின், அவர் நியமித்தவருக்கு 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஆயின் அப்பாதுகாப்பு கோடைரோடு நிலையத்தோடு முடிவுறும். அதற்கப்பால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் வளைந்தேறும் சாலையன்றோ அபாயம் மிக்கது!

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது மூன்றாம் தரப்பாருக்குரிய காப்புறுதியே. அது மட்டுமுள்ள சொந்தக் காரில் உடன்செல்லும் நண்பர் அதன்கண் அடங்கார்.

ஆதலின் புறப்படுமுன் மூன்று வினவுக: வண்டி வாடகைக்கு அனுமதி பெற்றதா? அதன் பாலிசி பிரயாணிகளுக்கும் உண்டா? நாம் தனியே எடுக்கும் பாலிசி மலைச்சாலையையும் மலையேற்றத்தையும் உட்கொண்டதா? கட்டணத்தின் மலிவையன்று, காப்பின் எல்லையையே நோக்குக. இறைவன் காப்பான் என்னும் நம்பிக்கையும் இவ்விவேகமும் முரணுவனவல்ல.