நெகிழிக் கயாக் நம்மைத் தாங்குமா?

மாணவர்களே, பத்து பெரிங்கி கடற்கரையில் வண்ண வண்ணக் கயாக் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆனவை. நெகிழி மிதக்கும், அப்படியானால் இந்தப் படகு எப்போதும் நம்மைக் காப்பாற்றுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படகின் எடை 25 கிலோ என்று கொள்வோம். ஒரு லிட்டர் பாலிஎத்திலீனின் எடை ஏறக்குறைய 0.95 கிலோ, கடல்நீர் 1.025 கிலோ. படகு கவிழ்ந்து முழுவதும் நீர் நிறைந்தால், அந்த நெகிழி சுமார் 26 லிட்டர் நீரை மட்டுமே விலக்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி, கிடைக்கும் மிதப்பு விசை ஏறக்குறைய 27 கிலோவைத் தாங்கும். படகின் எடை போக மிச்சம் 2 கிலோதான்! படகு மிதக்கும், உங்களைத் தாங்காது.

அதனால்தான் நல்ல கடல் கயாக்கின் முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து, நீர் புகாத காற்றறைகள் அமைக்கிறார்கள். 100 லிட்டர் காற்று சுமார் 100 கிலோவைத் தாங்கும்.

தெலுக் பஹாங்கைத் தாண்டினால் கரையோரம் பல இடங்களில் கருங்கல் பாறைகள். மோதினால் கண்ணாடியிழைப் படகு விரிசல் விடலாம். பாலிஎத்திலீன் வளைந்து கொடுக்கும். ஆனால் கடும் வெயிலில் அது இளகி நெளியும். புற ஊதாக் கதிர் நாளடைவில் அதை நொறுங்க வைக்கும். நிழலில் வையுங்கள்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். பெரியவர் துணையோடு, இடுப்பளவு நீரில், இருக்கைப் பகுதியில் நீர் நிரப்பிப் பாருங்கள். இரு முனைகளும் மேலே நிற்கின்றனவா? அறைகளின் மூடிகள் கசிகின்றனவா? எந்தப் படகானாலும், உயிர்காப்பு அங்கியை அணிந்த பிறகே துடுப்பைத் தொடுங்கள்.