மருதோன்றி வேலி

முள்கம்பிக்கும் கல்தூணுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்த அங்கத்தினர் பலர் உயிர்வேலியைப் பற்றி நம்மிடம் விசாரிப்பதுண்டு. அவர்களுள் சிலர், குளிர்நாட்டு வீடுகளைச் சுற்றிச் சுவர்போல் வெட்டி நிறுத்தப்பட்ட செடிவேலியைப் படங்களிற் கண்டு, அச்செடி நம் நாஞ்சில் நாட்டில் வளருமா என்றும் கேட்கின்றனர்.

அப்படங்களிற் காண்பது பெரும்பாலும் பிரிவெட் என்னும் செடியாகும். அதுவும் மல்லிகையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால் தோவாளைப் பூந்தோட்டக்காரர் வியப்படையக்கூடும். ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட ஒரு வகை இங்கிலாந்து சென்று, லண்டன் முதலிய நகரங்களின் கரிப்புகையையும் தாங்கி நின்றதால் அங்கு வீதிதோறும் பரவிற்று. கடுங்குளிரில் இலையை உதிர்த்தாலும் பின்னர் மறுபடி தழைக்கும். அதன் பெருமையெல்லாம் ஒரே குணத்தில் அடங்கியிருக்கிறது. எத்தனை முறை வெட்டினாலும் வெட்டிய இடத்திற்குக் கீழே பல கிளைகள் விடும்.

எனினும் அதை இங்கு வரவழைப்பதை நாம் ஆதரிப்பதற்கில்லை. அது குளிருக்குப் பழகிய செடி. அதன் கனி மனிதருக்கு நஞ்சு. பறவைகளோ அதை உண்டு விதையைக் காடெங்கும் பரப்பும். இலங்கை மலைகளில் இயற்கையாக வளரும் ஒரு பிரிவெட் வகை மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளிற் புகுந்து, அங்குள்ள காட்டு மரங்களை நெருக்கும் பெருங்களையாகிவிட்டது.

அதே குணமுள்ள செடி நம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது. மருதாணி என்றும், மேற்குப் பகுதிகளில் மயிலாஞ்சி என்றும் வழங்கும் மருதோன்றிக்கு ஆங்கிலத்தில் ‘எகிப்திய பிரிவெட்’ என்றே ஒரு பெயருண்டு. தாவர முறையில் இவ்விரண்டிற்கும் உறவில்லை, தோற்றத்தில்தான் ஒற்றுமை. வறட்சியைத் தாங்கும் செடியாதலின் அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்களின் மேட்டு விளைகளுக்கு இது மிகவும் ஏற்றது. நீர் தேங்கும் நிலம் ஆகாது. மழை மிகுந்த விளவங்கோடு, கல்குளம் பகுதியினர் சீமைக்கொன்னைப் போத்துகளை ஊன்றுவதே மேல். அதன் தழை வயலுக்கு நல்ல உரமுமாகும்.

மருதோன்றி நடுவதற்கு மழைக்காலத் தொடக்கமே தக்கது. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சிகளை ஓரடி நீளத்திற்கு நறுக்கி, இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மறுவரிசைச் செடி வருமாறு, ஓரடிக்கு ஒன்றாக நட வேண்டும். தளிர்த்துச் சற்று உயர்ந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுக. இங்குதான் பலரும் தயங்குகின்றனர். வளர்ந்த செடியை வெட்ட மனம் வராமல் விட்டுவிடுவதால் அது மேலே குடைபோல் விரிந்து, அடியில் ஆடு நுழையும் வழியாகிவிடுகிறது. முதல் வருஷத்தில் கத்தரிக்கு அஞ்சாதவனுக்கே அடர்ந்த வேலி கிடைக்கும். பின்னரும், அடி அகன்றும் நுனி குறுகியும் இருக்குமாறு வெட்டி வந்தால் கீழிலைக்கும் வெயில் படும். கிளைகள் முற்றும்போது நுனிகள் முள்ளாக மாறுவது நமக்கு அனுகூலம்.

வெட்டிய தழை வீணாவதில்லை. நிழலில் உலர்த்திப் பொடித்தால் விலைபோகும். ராஜஸ்தானத்துச் சோஜத் என்னும் ஊரைச் சுற்றி மழை குறைந்த நிலத்தில் இதையே பயிராகச் செய்கின்றனர். சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு கொல்லை வேலியின் தழையால் அத்தகைய வருவாய் கிட்டுமென்று யாரும் எண்ண வேண்டாம். வெட்டுக் கூலிக்கு ஈடானாலே போதுமானது.

நெசவாளருக்கு ஒரு வார்த்தை. மருதோன்றியின் சாயப்பொருள் பட்டு, கம்பளி இவற்றில் நன்கு பற்றும். பருத்தியில் அவ்வளவாகப் பற்றாது. பருத்தி நூலைக் கடுக்காய் நீரிலும் படிகாரத்திலும் முன்னதாகத் தோய்த்தெடுத்தாலே நிறம் ஓரளவு நிற்கும். அன்னபேதி சேர்த்தால் நிறம் கறுக்கும். எனவே சாயப்பொடி விற்பவர் சொல்லை நம்பிப் பாவு முழுவதையும் தோய்த்துவிடாமல், வடசேரி அங்கத்தினர் முதலில் ஒரு சிட்டம் நூலைத் தோய்த்து, சோப்பில் அலசி, வெயிலில் காயவிட்டுப் பார்க்கட்டும்.

கடைசியாக, தகராறு பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலியைச் சரியாக எல்லையின்மேல் நட்டால், அது பருத்தபின் பாதி அயலார் நிலத்தில் நிற்கும். வேலியே பயிரை மேய்கிறது என்று அவர் சொன்னால் தவறாகாது, ஏனெனில் வேர் அவர் பயிரின் நீரையும் எடுக்கும். ஆகவே எல்லையினின்று இரண்டடி உள்ளே தள்ளி நடுக. இருவரும் பொதுவாக வைப்பதாயின் வெட்டும் முறையையும் தழையின் பங்கையும் முன்பே எழுதிக் கையொப்பமிட்டுக் கொள்வது நலம். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நடலாகாது. எல்லைக்கல் இருக்குமிடத்தில் இரண்டு செடி குறைந்தாலும் குறையட்டும். கல் மறையாதபடி அவ்விடத்தைத் திறந்தே விடுக.