தாகம் எடுக்கிற இடத்துலயே பி.பி.யும் ஏறுதா?

தூத்துக்குடியிலிருந்து பேசுறேன். இங்கே கடலோரம் முழுக்க உப்பளம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்க மாவட்டத்தோடது. உப்பையும் பி.பி.யையும் பத்திப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியல.

உப்பு கூடினா பி.பி. ஏறும்னு எல்லாருக்கும் தெரியும். எப்படின்னு கேட்டா கிட்னியைச் சொல்லுவோம். அது சரிதான், ஆனா பாதிக் கதை. மீதி மூளையில் இருக்கு.

மதியம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டா கொஞ்ச நேரத்துல தாகம் எடுக்குதுல்ல? ரத்தத்துல சோடியம் கூடியதை மூளை கண்டுபிடிச்சிடுச்சுன்னு அர்த்தம். பொதுவா ரத்தத்துல இருக்கிற எல்லாமே மூளைக்குள்ள நுழைய முடியாது, நடுவுல ஒரு தடுப்பு உண்டு. ஆனா சில சின்ன இடங்கள்ல அந்தத் தடுப்பு கிடையாது. அவை ரத்தத்தை நேரடியா 'ருசி பார்த்து' ஹைப்போதலாமஸுக்குத் தகவல் சொல்லும்.

ஹைப்போதலாமஸ் ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, வாசோபிரஸின் என்ற ஹார்மோனை அனுப்பி, 'தண்ணியை வெளியே விடாதே'ன்னு கிட்னிக்குச் சொல்லும். இன்னொண்ணு, நரம்புகள் வழியா இதயத்தை வேகப்படுத்தி ரத்தக்குழாயை இறுக்கும். குழாய்க்குள்ள தண்ணி கூடுது, குழாயும் சுருங்குது. அப்போ அழுத்தம் ஏறத்தானே செய்யும்?

இதுல முக்கியமான இன்னொரு ஆள் ஆஞ்சியோடென்சின். இது ரத்தக்குழாயை மட்டும்தான் சுருக்கும்னு நினைச்சிருந்தாங்க. 1961-ல் பிக்கர்டன், பக்லி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு நாயின் தலைக்கு இன்னொரு நாயிடமிருந்து ரத்தம். அந்தத் தலைக்கும் அதன் உடம்புக்கும் நரம்புத் தொடர்பு மட்டும். தலைக்குப் போற ரத்தத்துல ஆஞ்சியோடென்சினைச் செலுத்தினா, கீழே உடம்புல பி.பி. ஏறிச்சு. அதாவது, உத்தரவு மூளையிலிருந்து நரம்பு வழியா வந்திருக்கு.

இந்த அமைப்பு நமக்கு எதிரி இல்லை. உப்பளத்துல நாள் முழுக்க வியர்வை சிந்துறவருக்கு பி.பி. சரியாம காப்பாத்துறதே இதுதான். ஏ.சி. அறையில உட்கார்ந்து சிப்ஸ், ஊறுகாய், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்னு உப்பை ஏத்திக்கிட்டே இருக்கிறவங்கள்ல பலருக்கு இதே அமைப்பு ஓய்வில்லாம ஓடுது. பாதிப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

கவனிச்சீங்களா, இதுல எங்கேயும் 'டென்ஷன்' வரல. "நான் கூலான ஆளு, எனக்கு எதுக்கு பி.பி.?"ங்கிற கேள்வியே தப்பு. மனசு அமைதியா இருந்தாலும் இந்த வேலை உள்ளே சத்தமில்லாம நடக்கலாம். டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி மாத்திரைகள் தடுக்கிறது ஆஞ்சியோடென்சினின் வேலையைத்தான். வீட்டுல அப்பா, அம்மா "இப்போ நார்மலாயிடுச்சு"ன்னு டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தினா, அந்தத் தடுப்பு போயிடும். அழுத்தம் மறுபடி ஏறும்.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழேன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல பி.பி. பார்க்கக் காசு கிடையாது. வேற வேற நாள்ல பார்த்தும் 140/90 அல்லது அதுக்கு மேல வந்தா டாக்டரைப் பாருங்க. இந்த வாரமே ஒருமுறை அளந்துடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.