பறந்தால்தான் காசு!

விமான இன்ஜின் கெட்டுப்போனால் யாருக்கு லாபம்? உதிரி பாகம் விற்கிறவங்களுக்குத்தான்! அடிக்கடி கெட்டால் அடிக்கடி விற்கலாமே.

1962-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிட்லி கம்பெனி இதைத் தலைகீழாக மாற்றியது. தன்னுடைய 'வைப்பர்' ஜெட் இன்ஜினுக்கு, பறந்த மணி நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்கியது. ரிப்பேர், பாகங்கள், மாற்று இன்ஜின் எல்லாம் கம்பெனி பொறுப்பு.

விமானம் நின்றால் வருமானமும் நிற்கும். அதனால் சீக்கிரம் தேயாத பாகமா செய்யணும். எது எப்போ தேயும்னு கணக்குப் போட்டு முன்கூட்டியே வைத்திருக்கணும். அதிகமாக வாங்கி அடுக்கினால் பணம் முடங்கும்; குறைவாக வைத்தால் விமானமே முடங்கும்! இந்தக் கணக்குதான் கஷ்டம்.

ரிப்பேர் பார்க்கக் காசு கொடுப்பதைவிட, ரிப்பேர் ஆகாமல் ஓடுவதற்குக் காசு கொடுப்பது நல்லதுதானே?