சித்தம்பூண்டிக் கல்லும் சந்திர மண்ணும்



சந்திர ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் பெரும்பகுதியும் ஒரு கல்லைப் பற்றியே பேசப்போகிறேன். அக்கல் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்தில், சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் சிற்றூர்களின் நிலத்தில் கிடப்பது. அதற்கும் சந்திரனுக்கும் என்ன தொடர்பு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 சந்திரனில் பழுதின்றி இறங்கியது. அதன்பின் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சுப் பரவிற்று. முன்னாளில் என்னிடம் படித்த ஒருவர் கடைவீதியில் என்னை நிறுத்தி, "ஐயா, நம்ம ஊர் மண்ணு நிலாவுக்கே போயிருச்சுங்க!" என்று மகிழ்ந்தார். அவருடைய மகிழ்ச்சி நியாயமானது, செய்திதான் சரியன்று. "தம்பி, நம் மண் பெங்களூர் வரைக்குந்தான் போயிற்று" என்றேன். அவர் முகம் சற்று வாடிவிட்டது. பெங்களூரில் அது ஆற்றிய பணியை விளக்கியபோதுதான் மீண்டும் மலர்ந்தது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் விரித்துச் சொல்கிறேன்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்பவர்களுக்குக் கல் புதிதன்று. கஞ்சமலையில் இரும்புத்தாது உண்டு. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் மாக்னசைட் உண்டு. அதை நாம் வெள்ளைக்கல் என்போம். இவற்றைப் போலப் பெயர் பெறாதது சித்தம்பூண்டிக் கல். வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்து, இடையிடையே கரும்புள்ளிகளோடு காணப்படுவது. ஆனால் நிலவியல் அறிஞர் அதை நெடுங்காலமாக அறிவர். அப்பகுதியில் குருந்தக்கல் கிடைக்கும். உலகம் முழுவதும் அக்கனிமத்தைக் 'கொரண்டம்' என்று வழங்குகின்றனர். அச்சொல் தமிழ்க் 'குருந்தம்' என்பதிலிருந்து பிறந்ததே. 1956-இல் ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் அறிஞர் சித்தம்பூண்டிப் பாறைகளை விரிவாக ஆராய்ந்து, அமெரிக்க நிலவியல் கழகத்தின் ஏட்டில் நீண்டதொரு கட்டுரை எழுதினார். அப்போது நாமக்கல் தனி மாவட்டமாகவில்லை. சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே இக்கல் உலக அறிஞரின் கண்ணில் பட்டுவிட்டது.

இக்கல்லின் பெயர் அனார்த்தோசைட். பெல்ஸ்பார் என்னும் கனிம வகையில், கால்சியம் மிகுந்த ஒன்றே இதில் பெரும்பங்காக அமைந்திருக்கும். பூமியின் மேற்பரப்பில் இத்தகைய பாறை அரிது. சித்தம்பூண்டியில் உள்ளது 250 கோடி ஆண்டுகள் அளவுக்குப் பழமையானது.

இனிச் சந்திரனுக்குச் செல்வோம். முழுநிலவை உற்றுப் பாருங்கள். கரிய திட்டுகளும் வெளிய பகுதிகளும் தெரியும். கரிய திட்டுகளை முயல் என்று பாட்டிமார் சொல்வர். முற்கால வானநூலார் கடல் என்றனர். அவை உண்மையில் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். வெளிய பகுதிகள் மேட்டு நிலங்கள். சந்திரப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இவையே.

1969-ஆம் ஆண்டு ஜூலையில் அப்பல்லோ-11 வீரர்கள் கரிய சமவெளி ஒன்றில் இறங்கி, ஏறத்தாழ 22 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். அந்த மண்ணில், பொருந்தாத விருந்தினரைப் போலச் சில வெண்துணுக்குகள் கலந்திருந்தன. ஆராய்ந்தால், அனார்த்தோசைட்! தொலைவிலுள்ள மேட்டு நிலத்திலிருந்து, விண்கற்கள் மோதியபோது தெறித்து வந்தவை அவை என்று அறிஞர் கருதினர். அதிலிருந்து 1970-இல் ஒரு துணிவான கருத்துப் பிறந்தது: ஆதியில் சந்திரனின் மேற்புறம் முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்திருக்க வேண்டும் என்பதே அது.

இதனை விளங்கிக்கொள்ள எங்கள் பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெல்ல ஆலைக்கு வாருங்கள். கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கும்போது பாரமற்றவை மேலே வந்து மிதக்கும். கனமானவை அடியில் தங்கும். அந்தப் பாறைக் கடல் ஆறத் தொடங்கியபோதும் அதுவே நிகழ்ந்தது. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனமான படிகங்கள் அமிழ்ந்தன. இலேசான பெல்ஸ்பார்ப் படிகங்கள் மேலே மிதந்து திரண்டு, உறைந்து, சந்திரனின் வெண்ணிறத் தோலாயின.

சித்தம்பூண்டியின் வரலாறு வேறு. இங்கே பூமியின் ஆழத்தில் புகுந்த பாறைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது. பின்னர் வெப்பமும் அழுத்தமும் அதனை மாற்றின. பிறந்த வீடு வேறாயினும் பொருள் மிக நெருங்கியது. இந்த நெருக்கமே நம் கதைக்கு அடிப்படை.

சந்திரனில் ஒரு கலத்தை இறக்குவதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும். கலத்தின் கால்கள் மண்ணில் எவ்வளவு புதையும்? சாய்வான இடத்தில் இறங்கினால் கவிழுமா? உருளி வண்டியின் சக்கரம் பிடித்துச் செல்லுமா, சிக்கிச் சுழலுமா? இவ்வினாக்களுக்கு வயல் மண்ணில் விடை கிடைக்காது. வயல் மண் காற்றாலும் நீராலும் உயிர்களாலும் ஆக்கப்பட்டது. அதில் களிமண் உண்டு, ஈரம் உண்டு, மக்கிய இலை உண்டு. ஆற்று மணலும் உதவாது. நீரில் உருண்டு அதன் முனைகள் மழுங்கிவிட்டன. சந்திரனில் காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. பல கோடி ஆண்டுகளாக விண்கற்கள் மோதி மோதிப் பாறையைத் தூளாக்கியுள்ளன. அத்தூளின் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் நுண்ணியது. ஒவ்வொரு துகளும் கூர்முனையுடையது.

ஆகவே போலி மண் வேண்டும். அமெரிக்கர் 1990-களில் அரிசோனா மாநிலத்து எரிமலைச் சாம்பலிலிருந்து ஒரு போலி மண் செய்தனர். அது கரிய சமவெளி மண்ணை ஒத்தது; நம் கலம் இறங்க வேண்டியதோ மேட்டு நிலத்தில். விலையும் ஒரு தடை. 60 முதல் 70 டன் வரை தேவைப்பட்டது என்றும், அமெரிக்காவில் கிலோ ஒன்றுக்கு 150 டாலர் விலை என்றும் விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை பின்னர்க் கூறியிருக்கிறார். கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். 60 டன் என்பது 60,000 கிலோ. அதற்கு 90 இலட்சம் டாலர்!

அந்த நிலையில்தான் சித்தம்பூண்டிக் கல் நினைவுக்கு வந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறியாளரும், சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறையில் பேராசிரியர் எஸ். அன்பழகன் உள்ளிட்ட ஆராய்ச்சியாளரும், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மண் பொறியியல் அறிஞரும் ஒன்றுகூடினர். பாறையைத் தேர்ந்தெடுத்து, கனிமங்களைச் சோதித்து, சந்திர மண்ணின் அளவீடுகளோடு ஒப்பிட்டனர். பிறகு பாறையை உடைத்து, அரைத்து, சலித்து, எந்தப் பருமனுள்ள துகள் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவே அமையுமாறு கலந்தனர். பத்து மடங்கு எளிதாகச் சொல்வதானால், அரிசியை மாவாக்குகிறவள் கோலத்திற்கு ஒரு பதமும் பலகாரத்திற்கு ஒரு பதமும் பார்ப்பதுபோன்ற வேலை. பதம் தவறினால் பயன் தவறும். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 50 டன் இவ்வாறு அனுப்பப்பட்டது. மண் செய்யும் முறைக்கு 2014-இல் காப்புரிமை கோரினர். 2020-இல் அது வழங்கப்பட்டது.

பெங்களூரில் அம்மண்ணைப் பரப்பிச் செயற்கைச் சந்திரத் தரை அமைத்தனர். கலத்தின் கால்கள் பல்வேறு நிலைகளில் அதன்மீது மோதிப் பார்க்கப்பட்டன. உருளி வண்டியும் ஓடிப் பழகியது. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வண்டியின் நிறை 26 கிலோ. சந்திரனின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கே. ஆதலால் அங்கு அவ்வண்டி, இங்கே 4 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பொருள் அழுத்துவதுபோலவே மண்ணை அழுத்தும். என்ன செய்தனர்? ஹீலியம் நிறைந்த பலூனைக் கட்டி, வண்டியின் பாரத்தில் ஒரு பகுதியை அது தாங்குமாறு செய்தனர். திருவிழாவில் குழந்தைகள் கையில் பிடித்து மகிழும் பலூனின் தத்துவமே இங்கும் பயன்பட்டது.

இவ்விடத்தில் ஆசிரியன் என்னும் முறையில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். போலி மண் போலி மண்தான். பலூன் வண்டியின் பாரத்தைக் குறைத்தது. மண் துகள்களின் பாரத்தைக் குறைக்கவில்லை. விண்கல் மோதலில் உருகிப் பிறந்த கண்ணாடித் துணுக்குகள் உண்மைச் சந்திர மண்ணில் உண்டு. பாறையை அரைத்தால் அவை வாரா. இக்குறைகளை அறிந்தே விஞ்ஞானிகள் சோதனை நடத்தினர். எந்த அளவில் ஒப்புமை, எந்த இடத்தில் வேற்றுமை என்று பிரித்துச் சொல்லக் கூடியவனே அறிவியல் மாணவன்.

இன்னொன்றும் உண்டு. நல்ல ஒத்திகை வெற்றிக்கு உறுதிச்சீட்டு ஆகாது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் அதிகாலை, சந்திரயான்-2 இறங்குகலம் தரையை நெருங்கும் வேளையில் கட்டுப்பாடு இழந்து மோதிச் சிதைந்தது. இறங்கும் வேகத்தைக் குறைக்கும் கட்டத்தில் நேர்ந்த பிழை அது. மண்ணைத் தொடும் சோதனைக்கே அக்கலம் வந்து சேரவில்லை. நான்காண்டுகள் ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்தனர். விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, சந்திரயான்-3 எழுந்தது. மண் பரப்பிய அதே வகைத் தரையில் கால்களின் வலிமை மீண்டும் சோதிக்கப்பட்டது. அந்த ஆகஸ்டு மாலையில் கால்கள் உண்மை மண்ணைத் தொட்டன, நின்றன.

ஆனால் கதையின் சிறந்த பகுதி அதற்கும் பின்னர்தான். போலி மண் செய்தவர்கள் ஒன்றை நம்பிச் செய்தனர்: இறங்கப்போகும் இடத்து மண் அனார்த்தோசைட் வகையினதாகவே இருக்கும் என்பதே அந்நம்பிக்கை. தென்கோடியை அண்டிய அத்தகைய இடத்து மண்ணை அதுவரை எவரும் அங்கேயே நின்று அளந்ததில்லை. பிரக்யான் என்னும் நம் உருளி வண்டி ஏறத்தாழ 100 மீட்டர் தூரம் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அளவீடுகளை ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் ஆராய்ந்து, 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அம்மண் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகையினது என்பது முடிவு. உருகிய பாறைக் கடல் பற்றிய பழைய கருத்துக்கும் அது புதிய வலுவளித்தது. வெப்பத்தை அளந்த மற்றொரு கருவி, மேற்பரப்புக்கும் வெறும் 8 செ.மீ. ஆழத்துக்கும் இடையே ஏறத்தாழ 60 பாகை வேறுபாடு இருப்பதை முதல் அளவீட்டிலேயே காட்டியது. அத்தளர்ந்த தூள் வெப்பத்தைக் கடத்தாமல் போர்வைபோல் தடுக்கிறது.

நண்பர்களே, இதில் நம் பங்கு என்ன? கல் கிடந்தது இயற்கையின் செயல். அதில் நாம் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. அக்கல் இன்னது, இன்ன இடத்தில், இன்ன அளவில் உள்ளது என்று அறிந்தவர்கள் அருகிலேயே இருந்தார்கள் என்பதுதான் பெருமை. சேலத்துத் துறையொன்று பாறைகளைப் பொறுமையாக ஆராய்ந்து வந்திராவிட்டால், அக்கல் வழக்கம்போல் ஜல்லியாகிச் சாலையில் கிடந்திருக்கும். பெற்றோர் பலர், "கல்லைப் படித்து என்ன பிழைப்பு?" என்று கேட்டு, நிலவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளை வேறு வகுப்பில் சேர்ப்பதை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல இப்போது ஒரு விடை இருக்கிறது.

வேலை முடிந்துவிடவுமில்லை. சந்திர மண்ணைப் பூமிக்கே கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்திற்கு 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மண்ணைத் தோண்டவும் அள்ளவும் அடைக்கவும் கருவிகள் வேண்டும். அவற்றுக்கும் ஒத்திகைத் தரை வேண்டும். இன்னும் செம்மையான போலி மண் வேண்டும். அதனைச் செய்யப்போகிறவர்கள் இன்று எங்கோ வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் ஊர்க் கரட்டிலிருந்து கைக்கு அடங்கும் கல் ஒன்றை எடுத்து வாருங்கள். அதன் நிறமென்ன, அதில் எத்தனை வகைப் பொருள் தெரிகிறது, ஆணியால் கீறினால் கீறல் விழுகிறதா என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டா. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, தேதியும் இடமும் குறித்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.