கூதிர்காலத்து நாழிகை

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். உயர்வகுப்பு மாணவர் இதனைத் தவறின்றி ஒப்புவிப்பர். சிறு பிள்ளைகளிடம் அக்காலத்தை வரைந்து காட்டச் சொன்னாலோ, செவ்விலை உதிர்க்கும் மேப்பிள் மரமொன்றை வரைந்து தருவர். எட்டு வயதான என் பேத்தியும் அதனையே வரைந்தாள். "அப்பப்பா, இலை கொட்டுற காலம் எங்கட ஊருக்கு எப்ப வரும்?" என்றும் கேட்டாள். வெளியே ஐப்பசி மழை பொழிந்துகொண்டிருந்தது.

எங்கள் வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். குளிர்நாடுகளிலோ பகல் குறுகக் குறுக மரங்கள் பச்சையத்தை இழக்கின்றன. அதுவரை அதனுள் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. சில மரங்களிற் செம்மை புதிதாக ஊறுகின்றது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கூதிர் என்பது நிறையுங் காலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை; வடகீழ்ப் பருவக்காற்றின் மழையைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சிக் கிணறுகளுக்கு வழங்குகின்றது. ஞாயிறுதோறும் பேத்தியையும் ஐந்து வயதுப் பேரனையும் இறுகப் பிடித்துக்கொண்டு, நீருக்குமேல் எத்தனை கல்வரிசை தெரிகின்றதென எண்ணச் சொல்வேன். ஒன்பது ஏழாகும், ஏழு நான்காகும். எண் குறைவதற்காகப் பிள்ளைகள் மகிழ்வதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் கேட்டுத்தான் பெறவேண்டியிருந்தது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டாண்டு உண்டு. பேத்தியின் மாலைப்பொழுதுகள் இப்போதே தனியார் வகுப்புக்குரியவை. மழையென்றால் அவளுக்கு முச்சக்கரவண்டியின் படங்குக்கு அப்பாலிருந்து வரும் ஓர் ஓசை. வீட்டிலோ "நனையாதே" என்ற ஒரு சொல். மருமகள் முதலில் இசையவில்லை. டெங்குக் காய்ச்சல் பரவுங் காலம் என்றாள். அவளுடைய அச்சம் நியாயமானது. ஆகவே எங்கள் உலா வளவைச் சுற்றிச் சிரட்டைகளையும் பூச்சாடித் தட்டுகளையும் கவிழ்ப்பதில் தொடங்குகின்றது. பேரன் அதனைப் போர்த்தொழிலாகவே நடத்துகிறான். கூதிரின் சீற்றத்தையும் நான் மறக்கவில்லை. 1964 மார்கழியிலே மன்னாரையும், 1978 கார்த்திகையிலே மட்டக்களப்பையும் சூறாவளி தாக்கியது; 2008 கார்த்திகையில் நிஷா புயலின் வெள்ளம் எங்கள் ஊர்களையே மூடிற்று. காற்றெழும் நாளில் நாங்கள் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் போதும்.

மழைவிட்ட மணலிலே தம்பளப்பூச்சி ஊரும். சிவந்த பட்டுத்துணியிற் கிள்ளியெடுத்த துணுக்குப் போன்றது. சங்கப் புலவர் அதனை மூதாய் என்றனர். காலை எண்ணிப் பார்த்த பேத்தி எட்டு என்றாள்; எனவே அது பூச்சியன்று, சிலந்திக்கு உறவு என்று விளக்கினேன். பேரனுக்கு அதுபற்றிக் கவலையில்லை, தீப்பெட்டி வேண்டுமென்றான். வேலியிற் படரும் கார்த்திகைப் பூவின் இதழ் நாளுக்குநாள் மஞ்சளிலிருந்து செம்மைக்கு மாறுவதையும் பார்க்கிறார்கள். இலை நிறம் மாறாத ஊரில் இதழ் மாறுகின்றதே! தொடுவதற்கு மட்டும் அனுமதியில்லை. கிழங்கு முதலாக அச்செடி முழுவதும் நஞ்சு.

இவை யாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது நெடுநல்வாடைப் பரிசோதனையே. நக்கீரரின் அந்த 188 அடிப் பாட்டுக் கூதிரின் ஓவியம். குளிரிலே பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளும் இடத்தில் இருவரும் சிரித்தார்கள். பின்னர் ஓரிடம்: மழை மூடிய நகரிலே பகலும் மாலையும் பிரிந்து தோன்றவில்லை. மகளிர் பிச்சியரும்புகளைத் தட்டில் இட்டுவைத்து, அவை மலர்ந்து மணக்கும் வேளையால் அந்தி வந்ததென அறிந்து விளக்கேற்றுகின்றனர். எங்கள் வளவிற் பிச்சி இல்லை, முல்லை உண்டு. வானம் இருண்டிருந்த ஒரு ஞாயிறு, சுவர்க்கடிகாரத்தின்மேல் துவாயொன்றைப் போட்டு மூடினோம். பன்னிரண்டு அரும்பு ஆய்ந்து வெள்ளித் தட்டில் வைத்தோம். பேரன் அரைநாழிகைக்கு ஒருமுறை மோந்து பார்த்து இல்லையெனத் தலையசைத்தான். பேத்தி கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டின் அருகிலேயே அமர்ந்தாள். ஒரு வரியும் எழுதவில்லை. முதலரும்பு எப்போது நெகிழ்ந்ததென்று எவரும் காணவில்லை. மணந்தான் முதலில் வந்தது. அப்போது வேலிக்கப்பால் ஆறுமணிக்குருவி இரட்டைக் குரலாற் சீட்டியடித்தது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை அது. பச்சை முதுகும் வாலடியிற் செம்மையுமாகக் குப்பையிலை கிளறித் திரியும்; காலையும் மாலையும் அந்த வேளையிற் குரல்கொடுப்பதாலேயே இப்பெயர் பெற்றது. பேத்தி ஓடிச்சென்று துவாயை இழுத்தாள். ஆறடிக்க நான்கு நிமிடம் இருந்தது.

நக்கீரர் தப்பவில்லை என்று நான் மகிழ்ந்தேன். அவளோ, "குருவி முந்திச்சுதோ, முல்லை முந்திச்சுதோ?" என்று தம்பியோடு வழக்காடத் தொடங்கினாள்.

விளக்கீட்டுக்கு வாழைக்குற்றி தறித்தாயிற்று. பந்தத்துக்குத் துணி சுற்றும் பணியைப் பேரன் ஏற்றிருக்கிறான். கார்த்திகை முடிந்ததும் ஞாயிறு மாலையிலும் வகுப்பு உண்டென அறிவித்தல் வந்திருக்கின்றது. மகன் அதனைப் படித்து மேசைமேல் வைத்தான். மருமகள் அதை எடுத்துப் பார்த்தாள். சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "மாமா, அண்டைக்கு முல்லை எந்தப் பக்கக் கொடியிலை ஆய்ஞ்சனீங்கள்?" என்று என்னிடம் கேட்டாள்.